உடலுக்குப் பெயர் வைத்தவர்கள் – 17: மானிப்பாயில் ஒரு சொற்பட்டறை

போன வாரம் ஹென்றி கிரேயை லண்டனில் அடக்கம் செய்துவிட்டு வந்தோம். பெரியம்மை கண்டு படுத்திருந்த உறவுப் பையனுக்குப் பக்கத்திலிருந்து பணிவிடை செய்தவரை, 1861-இல் அதே அம்மை கொண்டுபோனது. வயது 34. அவர் எழுதிய தடித்த உடற்கூற்று நூல் வெளிவந்து மூன்று வருஷம்கூட நிறையவில்லை.

அதற்குப் படம் வரைந்த ஹென்றி வான்டைக் கார்ட்டரோ, 1858-இல் புத்தகம் கடைக்கு வருமுன்பே பம்பாய்க்குக் கப்பலேறிவிட்டார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் வேலை.

எழுதியவர் இல்லை, வரைந்தவர் ஊரில் இல்லை. புத்தகம் மட்டும் கடல் கடந்து ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. போன ஊர்களில் ஒன்றின் பெயரைக் கேட்டால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். மானிப்பாய்.

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரம். செம்மண், பனங்கூடல், புகையிலைத் தோட்டம், கிணறு. அங்கே 1872-இல் ஒரு புத்தகம் முடிந்தது. எண்ணூறு பக்கத்துக்கு மேல். பெயர் ‘மனுஷ அங்காதிபாதம்’.

அது கிரேயின் புத்தகம். தமிழில்.

நூற்றைம்பது ஆண்டு கழிந்த பிறகும் ‘தமிழில் மருத்துவம் முடியுமா’ என்று நாம் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறோம். அதற்கு முன்பே அங்கே வகுப்பு நடந்து, பரீட்சை எழுதி, ஆட்கள் தொழிலுக்கும் போய்விட்டார்கள்.

* * *

அந்த வகுப்பை நடத்தியவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். 1822 அக்டோபர் 10-ஆம் தேதி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வூஸ்டர் நகரில் பிறந்தவர். நியூயார்க்கில் மருத்துவம் படித்து 1845-இல் பட்டம் பெற்றார். இரண்டு வருஷத்தில் அமெரிக்க மிஷன் அவரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது. வந்து இறங்கியபோது வயது 25.

அமெரிக்க மிஷனுக்கு யாழ்ப்பாணம் புதிதல்ல. 1816-லேயே வந்துவிட்டார்கள். மருத்துவர் என்று பார்த்தால் முதலில் வந்தவர் ஜான் ஸ்கடர். பண்டத்தரிப்பில் இருந்து வைத்தியம் பார்த்துவிட்டு, பிறகு சென்னைப் பக்கம் போனவர். வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடருக்கு இவர் தாத்தா.

கிறீன் முதலில் வட்டுக்கோட்டை, அடுத்து மானிப்பாய். 1848-இல் உள்ளூர்ப் பையன்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு மருத்துவம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பாடம் இங்கிலீஷில். அதில் சிரமம் எதுவும் இல்லை. வட்டுக்கோட்டை செமினரி 1823-லிருந்து நடக்கிறது, அங்கே படித்து வந்தவர்களுக்கு இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு.

சிரமம் வேறு இடத்தில் முளைத்தது. படித்து முடித்தவன் ஊரில் நிற்கவில்லை.

கொழும்பு அரசாங்கத்துக்கு இங்கிலீஷ் தெரிந்த ஆள் வேண்டும். சம்பளம் உண்டு, மதிப்பு உண்டு. கிராமத்தில் குந்தியிருந்து காய்ச்சலுக்கும் கட்டிக்கும் மருந்து கொடுக்க எவன் நிற்பான்? தான் தயார் செய்கிறவர்கள் யாருக்காகத் தயாராகிறார்கள் என்ற கேள்வி கிறீனை அரித்தது.

இதற்கிடையே மிஷனின் தலைமைச் செயலர் ரூஃபஸ் ஆண்டர்சன் கடல் கடந்து நேரில் பார்க்க வந்தார். நாட்டு மொழியில் சொல்லிக்கொடுங்கள், இங்கிலீஷ் பள்ளிக்கூடம் நடத்த நாம் வரவில்லை என்பது அவர் கட்சி. 1855-இல் வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. யாழ்ப்பாணத்தில் பலருக்கு அது பேரிடி. இன்றும் அந்த முடிவைத் திட்டுகிறவர்கள் உண்டு, திட்டுவதில் நியாயமும் உண்டு.

கிறீனுக்கு மட்டும் அது திறந்த கதவாகப் பட்டது. மருத்துவத்தைத் தமிழிலேயே சொல்லிக்கொடுத்தால் என்ன?

படித்தவனுக்கு அரசாங்க வேலை கிடைக்காது. அதனால் ஊரிலேயே இருப்பான். கொஞ்சம் கெட்டிக்காரத்தனமான கணக்குத்தான். இருக்கட்டும். தன் மாணவர்கள் வேட்டி சால்வையை விட்டுத் தொப்பியும் காற்சட்டையும் மாட்டிக்கொள்வதுகூட அவருக்குப் பிடிக்கவில்லை. ஊராரிடம் போகிறவன் ஊரான் மாதிரி இருக்க வேண்டும் என்று நினைத்தார். அவர் மதம் பரப்ப வந்தவர், அதை ஒருநாளும் மறைக்கவில்லை. நோயாளியின் கையைப் பிடிக்கும்போதே வேதத்தையும் சொன்னவர்.

ஆனால் தமிழில் பாடம் நடத்த முதலில் புத்தகம் வேண்டும். புத்தகத்துக்குச் சொல் வேண்டும்.

* * *

கால்வின் கட்டர் என்ற அமெரிக்க மருத்துவர் பள்ளி மாணவர்களுக்காக எழுதிய சின்னப் புத்தகம் ஒன்றை முதலில் எடுத்தார்கள். அது 1857-இல் தமிழில் வந்தது. தலைப்பைப் பாருங்கள்: ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’.

வாய்க்குள் நுழையவில்லையா? பொறுமையாகப் பிரித்தால் ஒரு துறையின் வரைபடமே அதற்குள் இருக்கிறது. அங்காதிபாதம் என்றால் உடம்பில் என்ன என்ன, எங்கே எங்கே இருக்கிறது என்பது. சுகரணம் என்றால் அது எப்படி வேலை செய்கிறது. உற்பாலனம் என்றால் அதை எப்படிக் கெடாமல் பேணுவது. இன்றைய தமிழில் உடற்கூறியல், உடலியங்கியல், சுகாதாரம்.

அங்காதிபாதம் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் படித்தவர்களுக்குக் கேசாதிபாதம் நினைவுக்கு வரும். தெய்வத்தைப் பாடினால் பாதத்தில் தொடங்கிக் கேசத்தில் முடி, மனிதரைப் பாடினால் கேசத்தில் தொடங்கிப் பாதத்தில் முடி என்பது நம் புலவர் மரபு. ஆக, உடம்பை வரிசைப்படுத்திச் சொல்லும் பழக்கம் தமிழுக்கு வெகு காலமாக உண்டு. புலவன் வெளியே நின்று பார்த்தான். இவர்கள் தோலை விலக்கிவிட்டுப் பார்த்தார்கள்.

சரியாகச் சொன்னால் ‘கூறு’ என்ற சொல்லிலேயே விஷயம் முழுக்க இருக்கிறது. மீனைக் கூறு போடுகிறோம், ஒன்றைக் கூறவும் செய்கிறோம். அறுப்பதும் சொல்வதும் ஒரே சொல். அனாட்டமி என்ற கிரேக்கச் சொல்லுக்கு அறுத்துப் பிரித்தல் என்று மட்டும்தான் பொருள். நம்முடைய உடற்கூறு அதைவிட ஒரு படி கூடவே பேசுகிறது.

* * *

கிறீன் விடுப்பில் அமெரிக்கா போனார், கல்யாணம் செய்துகொண்டார், 1862-இல் மனைவியோடு திரும்பி வந்தார். அப்போது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. இங்கே 1864-இல் புது வகுப்பு தொடங்கியது. இந்தத் தடவை முழுக்கத் தமிழில்.

வேலை நடந்த விதம் இது. மாணவர்கள், பழைய மாணவர்கள் உட்கார்ந்து மொழிபெயர்ப்பார்கள். கிறீன் மூலத்தோடு ஒத்துப் பார்த்துத் திருத்துவார். சொல்லுக்கு அவர் வைத்திருந்த வரிசை: முதலில் தமிழில் ஏற்கெனவே இருக்கிறதா பார். இல்லாவிட்டால் வடமொழியில் தேடு. அதுவும் வாய்க்காவிட்டால் இங்கிலீஷ் சொல்லையே தமிழ் ஓசைக்கு வளைத்துக்கொள்.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. நாமும் அந்த மேசைக்கு முன் கொஞ்சம் உட்கார்ந்து பார்ப்போம்.

மேசைமேல் ஓர் எலும்பு கிடக்கிறது. ஒரு சாணுக்கும் குறைவான நீளம். நீட்டிப் படுக்கவைத்த ‘எஸ்’ எழுத்து போல வளைவு. கழுத்துக்குக் கீழே, தோளுக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவில் விரலால் தடவினாலே தட்டுப்படுகிற அதே எலும்புதான்.

லத்தீனில் இதற்குக் கிளாவிக்குலா என்று பெயர். சின்னச் சாவி. ரோமானியனுக்குச் சாவி தெரிந்தது. நம் ஆள் அதைப் பார்த்து, காறை என்றான். கழுத்தோடு ஒட்டிக் கிடக்கும் நகை. அந்த எலும்பின்மேல் போய் உட்காரும் நகை. காறையெலும்பு.

இப்படி வெளியிலிருந்து தொட்டுப் பார்த்த உறுப்புக்கெல்லாம் தமிழில் சொல் ரெடியாக இருந்தது. முழங்கால் முன்னால் இருக்கும் எலும்பை லத்தீன்காரன் சின்னத் தட்டு என்றான், நாம் சில்லு என்றோம். தசைக்கு அவன் வைத்த மஸ்குலஸ் என்ற பெயருக்குச் சுண்டெலி என்று பொருள். தோலுக்கடியில் எலி ஓடுவதைப் போல அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நாம் காலின் பின்பக்கத் தசையைப் பார்த்துக் கெண்டை என்றோம். நமக்கு மீன். எலியா மீனா என்பது ஊர் வாகு.

உள்ளே போனாலும் முதல் சுற்றில் தமிழ் தடுமாறவில்லை. ஆட்டிறைச்சிக் கடை வாசலில் நின்றவனுக்கே தெரியும், ஈரல் மூன்று. கெட்டியாக இருப்பது கல்லீரல். இடப்பக்கம் ஒளிந்திருப்பது மண்ணீரல். காற்று நிறைந்து, தண்ணீரில் போட்டால் மிதப்பது நுரையீரல். கல், மண், நுரை. விரலால் அமுக்கிப் பார்த்த எவனோ வைத்த பெயர்கள். ஐரோப்பிய மொழிகளில் இந்த மூன்றுக்கும் உறவே கிடையாது. தமிழில் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல நிற்கின்றன.

பிறகு எங்கே இடித்தது?

* * *

இன்னொரு தடவை அந்தக் காறையெலும்பைக் கையில் எடுங்கள். இது வலத் தோளுடையதா, இடத் தோளுடையதா? உடற்கூறு படிக்கிற எந்த மாணவனும் தப்பிக்க முடியாத கேள்வி.

ஒரு முனை தடித்து உருண்டிருக்கிறது, மற்றது தட்டையாக இருக்கிறது. தடித்தது உடம்பின் நடுப்பக்கம், தட்டையானது தோள் பக்கம். ஒரு பரப்பு வழவழப்பு, அது மேலே. சொரசொரப்பாகப் பள்ளம் விழுந்தது கீழே. தடித்த முனையை ஒட்டிய வளைவு முன்னால் புடைத்திருக்க வேண்டும். இப்படியெல்லாம் சரிபார்த்து உங்கள் மார்புக்கு நேரே பிடிக்கும்போது தடித்த முனை உங்கள் இடப்பக்கம் நோக்கினால், அது வலத் தோளின் எலும்பு.

இதைச் சொல்ல எத்தனை திசைச்சொல் செலவாயிற்று பாருங்கள். முன், பின், மேல், கீழ், நடு, பக்கம். எல்லாம் பாலர் வகுப்புச் சொற்கள். ஆனால் உடற்கூற்றுக்காரனுக்கு ஒரு சொல் ஒரு பொருளைத்தான் சொல்ல வேண்டும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

‘மேல்’ என்றால் என்ன? உயரே. சரி. மேல்தோல் என்றால்? அங்கே மேல் என்பது வெளிப்புறம். ‘மேலுக்கு முடியலை’ என்று பாட்டி சொன்னால் மேல் என்பது உடம்பு முழுவதும். மூன்றும் தமிழ்தான், மூன்றும் சரிதான். ஆனால் கத்தியைக் கையில் வைத்திருக்கிறவனிடம் ‘மேலே அறு’ என்று சொன்னால் அவன் எங்கே அறுப்பான்?

கை என்றால் தோளிலிருந்து விரல் நுனி வரை. கால் என்றாலும் அப்படித்தான். வயிறு என்றால் வயிற்றுப் பகுதி, சாப்பாடு போய் விழும் பை, பிள்ளை தரிக்கும் இடம், எல்லாம் அதுவே. ‘நெஞ்சு’ என்ற சொல்லுக்குள் மார்பு, இதயம், மனசு மூன்றும் குடித்தனம் நடத்துகின்றன. தமிழில் சொல் பஞ்சம் என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை. சொல் இருந்தது. ஒவ்வொன்றும் நாலு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அதை மூன்று வேலையிலிருந்து நிறுத்துவதுதான் பாடு.

திசைச்சொல்லுக்காவது ஓர் ஏற்பாடு உண்டு. உலகம் முழுக்க உடற்கூற்று நூல்கள் உடம்பை ஒரே மாதிரி நிற்க வைத்துத்தான் பேசுகின்றன. நேரே நிற்க வேண்டும், கைகளைப் பக்கத்தில் தொங்கவிட வேண்டும், உள்ளங்கை முன்னோக்கித் திரும்பியிருக்க வேண்டும். யாரும் அப்படி நிற்பதில்லை என்பது உண்மை. சும்மா நின்றால் உள்ளங்கை தொடையைப் பார்க்கும். உள்ளங்கையைப் பின்னுக்குத் திருப்பினால் கட்டைவிரல் உடம்பை ஒட்டிவிடும், முன்கையின் இரண்டு எலும்பும் ஒன்றின் குறுக்கே ஒன்று விழும். வெளிப்பக்கம் இருந்தது உள்பக்கம் ஆகிவிடும். அதனால்தான் அந்தச் செயற்கையான நிலை. பிணத்தைக் குப்புறப் போட்டாலும், தலைகீழாகத் தொங்கவிட்டாலும் ‘மேல்’ என்றால் தலைப்பக்கம், ‘முன்’ என்றால் வயிற்றுப்பக்கம். வலம் என்றால் பார்க்கிறவனுடைய வலம் கிடையாது, படுத்திருக்கிறவனுடைய வலம்.

* * *

எல்லாவற்றிலும் பெரிய முடிச்சு ஒன்று இருந்தது. நரம்பு.

இன்றைக்கு ஏதாவது ஆஸ்பத்திரி வார்டில் போய் நில்லுங்கள். ட்ரிப்ஸ் ஏற்ற வந்த நர்ஸ் புறங்கையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, ‘நரம்பு கிடைக்க மாட்டேங்குது’ என்பார். அவர் தேடுவது ரத்தக்குழாய். கோபத்தில் கழுத்து நரம்பு புடைக்கிறது என்கிறோமே, அதுவும் ரத்தக்குழாய். எலும்போடு தசையைக் கட்டும் நாரையும் நரம்பு என்கிறோம். மூளையிலிருந்து சேதி கொண்டுபோவதும் நரம்பு. யாழில் கட்டிய தந்தியும் நரம்புதான்.

நாடியோ இன்னும் மோசம். பரியாரியார் மணிக்கட்டில் பிடித்துப் பார்க்கும் துடிப்பு நாடி. அந்தத் துடிப்பு ஓடும் குழாயும் நாடி. யோக நூல்களில் ஆயிரக்கணக்கில் வரும் நாடிகள் கத்திக்கு அகப்படாதவை. போதாதென்று யாழ்ப்பாணத்திலும் திருநெல்வேலியிலும் முகவாய்க்கட்டைக்கும் நாடி என்றே பெயர்.

இப்போது கிரேயின் புத்தகத்தைத் திறந்தால், இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் குழாய்களுக்கு ஓர் அதிகாரம், இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்களுக்கு வேறோர் அதிகாரம், நரம்பு மண்டலத்துக்கு மூன்றாவது அதிகாரம். மூன்றுக்கும் நரம்பு என்றே எழுதினால் பாடம் நடக்காது. அறுவையில் ஒன்றை அறுத்தால் ரத்தம் பீறிடும், இன்னொன்றை அறுத்தால் கை செயலற்றுப் போகும்.

தமிழுக்குத்தான் இந்தக் கதி என்று நினைத்துவிடாதீர்கள். இந்தத் தொடரின் தொடக்கத்தில் அலெக்சாந்திரியாவில் எராசிஸ்ட்ராட்டஸைப் பார்த்தோம். செத்த உடம்பில், இதயத்திலிருந்து கிளம்பும் தடித்த குழாய்கள் காலியாகக் கிடந்ததைக் கண்டு, அவற்றில் ஓடுவது காற்று என்று நம்பியவர். ஆர்ட்டரி என்ற சொல்லில் இன்றும் அந்தத் தப்பின் வாடை உண்டு. மூச்சுக்குழாயையும் கிரேக்கர்கள் அதே சொல்லால் அழைத்தார்கள், ‘சொரசொரப்பான ஆர்ட்டரி’ என்று. அதில் ஆர்ட்டரி உதிர்ந்து சொரசொரப்பு மட்டும் மிஞ்சியதுதான் ட்ரக்கியா. நியூரான் என்றால் அவர்களுக்கும் முதலில் தசைநார், வில்லின் நாண். நம் யாழ் நரம்புக்கும் அவர்கள் வில் நாணுக்கும் எவ்வளவு தூரம்?

அவர்களுக்குக் கிடைத்தது நமக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். கேலன் தொடங்கி வெசாலியஸ் வழியாக ஹார்வி வரை நூற்றாண்டுக் கணக்கில் சண்டை போட்டு, ஒவ்வொரு சொல்லையும் ஒவ்வொரு குழாயோடு கட்டிவைத்தார்கள். மானிப்பாயில் அதை ஒரு பத்து வருஷத்தில் செய்ய வேண்டியிருந்தது.

இந்த இழுபறி கிறீனோடு தீரவும் இல்லை. இன்று யாழ்ப்பாணத்துப் பள்ளிப் பிள்ளை உயிரியல் புத்தகத்தில் நாடி, நாளம் என்று படிக்கிறது. மதுரைப் பிள்ளை தமனி, சிரை என்று படிக்கிறது. அங்கே என்பு, இங்கே எலும்பு. அங்கே கலம், இழையம், தொகுதி. இங்கே செல், திசு, மண்டலம். ஒரே மொழி, ஒரே உடம்பு, நடுவில் கொஞ்சம் கடல்.

* * *

கிரேக்கு வருமுன் கிறீன் வேறு சிலதையும் முடித்திருந்தார். கட்டரின் நூல் வந்த 1857-லேயே ‘பிரசவ வைத்தியம்’. 1867-இல் அறுவை பற்றிய ‘இரண வைத்தியம்’. கிரே வந்த 1872-லேயே நோய்களையும் சிகிச்சையையும் சொல்லும் ‘வைத்தியாகரம்’. அது கிரேயையும்விடத் தடிமன்.

இந்த வரிசையில் உடற்கூறு ஏன் திரும்பவும் வந்தது? கட்டரின் நூல் அவ்வளவு போதாதா?

கட்டர் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு எழுதினார். கிரே கத்தி பிடிக்கப் போகிறவனுக்கு எழுதினார். அவர் புத்தகத்தின் முதல் பெயரே அதைச் சொல்லிவிடும்: உடற்கூறு, விவரிப்பாகவும் அறுவைக்காகவும். உடம்பை இரண்டு விதமாகப் படிக்கலாம். எலும்பெல்லாம் ஒரு பக்கம், மூட்டெல்லாம் ஒரு பக்கம், தசை, குழாய், நரம்பு என்று சரக்கு வாரியாக அடுக்குவது ஒரு வழி. மளிகைக் கடைக்காரர் வழி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அக்குள் என்றால் அக்குளில் தோலிலிருந்து எலும்பு வரை என்னென்ன எந்த அடுக்கில் கிடக்கிறது என்று ஓர் இடத்தை ஆழமாகப் பார்ப்பது. அக்குளில் கட்டியோடு வருகிற நோயாளி, உடம்பின் நரம்பை மட்டும் தனியாகக் கொண்டுவருவதில்லையே. கிரே முதல் வழியில் நடந்துகொண்டே அங்கங்கே நின்று இரண்டாவதையும் சொன்னார். அறுவை செய்கிறவர்கள் அந்தப் புத்தகத்தை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு அது ஒரு காரணம்.

இந்த இரண்டு வழியும் கண்ணுக்குத் தெரிவதற்கு. கண்ணுக்குத் தெரியாததைப் படிக்கும் கிளை அப்போதுதான் தழைத்துக்கொண்டிருந்தது. பாரிஸில் பிஷா 1801-இல் நுண்ணோக்கியைத் தொடாமலேயே உடம்பை இருபத்தொரு வகைத் திசுக்களாகப் பிரித்ததும், மறு வருஷமே முப்பது வயதில் இறந்ததும் நினைவிருக்கும். அவருக்குப் பின் வந்தவர்கள் நுண்ணோக்கியோடு வந்தார்கள். புதுப் பொருள் புதுப் பொருளாகக் கண்ணில் பட்டது. பட்டதற்கெல்லாம் பெயர் வேண்டும்.

கிறீனின் சொற்களில் எனக்குக் குறை உண்டு. தமிழில் முதலில் தேடு என்று விதி வைத்தவர், நடைமுறையில் வடமொழிப் பக்கம் வெகு சீக்கிரம் போய்விடுகிறார். சுகரணம், உற்பாலனம் எல்லாம் அன்றைய படித்தவர் நாவில் சரியாக இருந்திருக்கலாம். மருத்துவிச்சிக்கும் ஒடிவு முறிவு பார்க்கிறவருக்கும் அவை இங்கிலீஷைப் போலவே அந்நியம். வேதியியல் நூலுக்கு அவர் வைத்த பெயர் ‘கெமிஸ்தம்’. இங்கிலீஷ் தலைக்குத் தமிழ் வால். சிரிப்பு வரும். ஆனால் சொல்லிப் பாருங்கள், வாய் உறுத்தவில்லை.

ஒரு வேலையில் அவரிடம் குறை சொல்ல இடமில்லை. தன் சொல்லுக்குத் தானே சொற்கோவையும் தொகுத்தார், இந்த இங்கிலீஷ் சொல்லுக்கு இந்தத் தமிழ் என்று. அடுத்து வருகிறவன் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் எதை மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்றலாம்.

* * *

1873-இல் உடம்பு தளர்ந்து கிறீன் கப்பலேறினார். திரும்பி வரவில்லை.

வேலை நிற்கவில்லை. வூஸ்டரில் உட்கார்ந்துகொண்டு, பாதி உலகம் தாண்டித் தபாலில் வந்து போன தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். பனி கொட்டும் மாசசூசெட்ஸில் ஒரு மனிதர் தமிழ் ஒற்றுப்பிழை பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தாலே விசித்திரமாக இருக்கிறது. 1875-இல் ‘கெமிஸ்தம்’ வந்தது. 1883-இல் உடலியக்கம் பற்றிய ‘மனுஷ சுகரணம்’ வந்தது. 1884 மே 28-இல் இறந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று அவர் கேட்டுக்கொண்டபடி கல்லறையில் பொறித்திருக்கிறார்கள்.

அவரிடம் படித்து வெளிவந்த மருத்துவர்கள் அறுபதுக்கு மேல். அவர்களில் பாதிப் பேர் தமிழிலேயே படித்தவர்கள்.

கிறீனுக்கு ஒரு விஷயத்தில் அதிர்ஷ்டம் இல்லை. அவர் தமிழில் ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்று கட்டிவைக்கப் பாடுபட்ட அதே ஆண்டுகளில், மூல மொழிகளே கட்டவிழ்ந்து கிடந்தன. எடின்பரோவில் ஒரு பெயர், பாரிஸில் இன்னொரு பெயர், பெர்லினில் மூன்றாவது. ஒரே துளைக்கு, ஒரே மேட்டுக்கு, ஒரே நாருக்கு. கண்டுபிடித்தவர் பெயர் பாதி, கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டவர் பெயர் மீதி. பாடப்புத்தகங்களில் புழங்கிய பெயர்களை ஒருவழியாக எண்ணிப் பார்த்தபோது ஐம்பதாயிரத்தை நெருங்கியது. உடம்பில் அவ்வளவு பொருள் கிடையாது.

கிறீன் இறந்து பதினோரு ஆண்டு கழித்து, 1895-இல் ஜெர்மன் உடற்கூற்றுச் சங்கத்தார் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கூடினார்கள். வெசாலியஸின் பெருநூல் 1543-இல் அச்சான அதே ஊர். தலைமை வகித்தவர் ஆல்பர்ட் கோலிக்கர். பட்டியலை எழுதும் பொறுப்பு வில்ஹெல்ம் ஹிஸ்ஸிடம். ஐம்பதாயிரத்தை ஐயாயிரத்துச் சொச்சமாகக் குறைக்க வேண்டும். ஒரு பொருள், ஒரு பெயர். மற்றதெல்லாம் குப்பைக்கு.

இந்தத் தொடரில் நாம் பார்த்த ஃபலோப்பியோவின் பெயர் கருக்குழாயிலும், யூஸ்டாக்கியின் பெயர் காதிலிருந்து தொண்டைக்குப் போகும் குழாயிலும் முந்நூறு ஆண்டுகளாக ஒட்டிக்கொண்டிருந்தன. மருத்துவன் ஒவ்வொருவனும் தினசரி உச்சரிக்கிற பெயர்கள். மனிதர் பெயரே உடம்பில் வேண்டாம் என்ற கட்சி பாசலில் பலமாக இருந்தது.

அந்த மேசையில் ஹிஸ் பேனாவை எடுத்தபோது, ஃபலோப்பியோவையும் யூஸ்டாக்கியையும் என்ன செய்தார்?

(அடுத்த வாரம்)